தூக்க மிட்டாயும் என் ஐ.என்.ஆர். நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தூக்கமின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. தூக்கத்துக்குச் சாப்பிடும் மெலடோனின் நம் உடம்பே சுரக்கிற பொருள், அதனால் பக்கவிளைவு கிடையாது என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 67. தபால் ஆபீஸ் கவுன்டரில் 34 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தில் கைவைத்துவிட்டுப் போனதால், 2009-இல் மைட்ரல் வால்வை மாற்றினார்கள். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஊர் அடங்கியதும் டிக் டிக் என்று கேட்பதைத் தவிர. கடிகாரத்தை முழுங்கியவள் என்று வீட்டில் கேலி. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் வார்ஃபரின். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்து நோட்டில் எழுதுவேன்; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, ஏறினால் ரத்தம் கசியும். எனக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பொங்கலுக்கு நியூஜெர்சியிலிருந்து வந்த மகள் ஒரு டப்பா மெலடோனின் கொடுத்தாள். "இது மருந்தே இல்லம்மா, சப்ளிமென்ட். அங்கே மளிகைக் கடையிலேயே விக்கிறான்." ஸ்ட்ராபெரி வாசனை, மெத்தென்ற மிட்டாய், ஒன்றில் 10 மில்லிகிராம். அவள் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உணவோடு சேரும் சங்கதிதான். அதே சாமானை பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்குத்தான் தருகிறார்கள். 55 வயது தாண்டியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது 2 மில்லிகிராம். நான் அதைப்போல ஐந்து மடங்கை மென்றுகொண்டிருந்தேன்.

தூக்கம் வந்தது. கூடவே கனவும் வந்தது. முத்திரை குத்தாத மணியார்டர் மலைமலையாகக் குவிந்து கிடக்கும், கவுன்டரில் நான் ஒருத்திதான். காலை பத்து மணிவரை தலை கனக்கும். மூன்றாவது வாரம், விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவள் விழுந்து மண்டையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் சிவந்தது. ஐ.என்.ஆர். 5.2.

"புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். கீரையை நிறுத்தினீர்களா, ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா, வயிற்றுப்போக்கு உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை. கூட வந்திருந்த மகன் வழிப் பேரன்தான் போட்டுக்கொடுத்தான்: "பாட்டி தினம் ராத்திரி மிட்டாய் சாப்பிடறாங்க. எனக்கு மட்டும் தர்றதில்ல."

மெலடோனின்தான் காரணம் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தம் கசிந்ததாக இருப்பவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள்தானாம். ஆனாலும் சேர்க்கக் கூடாத பட்டியலில் அது இருக்கிறது என்றார். வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தி, மிட்டாயை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாளில் 3.1. நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவரிடம் கேட்டு எழுதிக்கொண்ட மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மெலடோனினைப் பெரும்பாலும் கரைப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. மனநல மருந்தான ஃப்ளுவோக்சமின் அந்த நொதியை முடக்கிவிடும்; அப்போது ரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறும். ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு, அடங்கியிருந்த அழுத்தம் மறுபடி ஏறலாம். சர்க்கரை, வலிப்பு மருந்துக்காரர்களும் கேட்காமல் தொடக் கூடாது. மதுவோடும் மற்ற தூக்க மாத்திரைகளோடும் சேரவே கூடாது.

இன்னொன்று, 34 வருடம் தராசோடு இருந்தவள் என்பதால் எனக்கு இதுதான் ஆறவில்லை. 2017-இல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக ஒன்று, 478 சதவீதம் கூடுதலாக ஒன்று. எட்டில், லேபிளில் இல்லாத செரடோனின் என்ற இன்னொரு ரசாயனம் வேறு கலந்திருந்தது. 2023-இல் அமெரிக்காவில் இதே மிட்டாய் வகையில் 25-ஐப் பார்த்தபோது 22-இல் லேபிள் சரியில்லை. பார்சலில் பத்து கிராம் கூடினாலே தபால் தலை ஒட்டச் சொன்னவள் நான்!

சிறுவர் சிறுமியர், பெரும்பாலும் தெரியாமல், தின்றுவிட்டதாக அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு 2012-இல் வந்த தகவல் 8,337. 2021-இல் அது 52,563. ஸ்ட்ராபெரி வாசனை போட்டால் வேறென்ன ஆகும்?

மெலடோனின் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது, டாக்டர்களும் எழுதுகிறார்கள். உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும் என்று அடுத்த ஞாயிறு போடுங்கள். டாக்டர் கேட்கும்போது 'மாத்திரை' என்ற சொல்லில் மிட்டாய் அடங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தூக்கத்துக்கு இப்போது என்ன வழி என்றால், நாலு மணிக் காபியை விட்டுவிட்டேன். இடது பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. அப்படிப் படுத்தால்தான் டிக் டிக் தலையணைக்குள் கேட்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியை,
கும்பகோணம்