படைப்புக் கதையை முதல் அத்தியாயத்தில் வைக்காதீர்கள்: மிகுபுனைவு நூல்களின் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழில் மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல்கள் அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியைப் படித்துக் குறிப்பெழுதித் தருகிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. "ஆதியில் இருள் மட்டுமே இருந்தது" என்று ஆரம்பித்து, இருபது பக்கத்துக்குத் தெய்வங்களை வரிசையாகப் பிறப்பித்து, ஒரு பெரும்போரில் பாதிப் பேரைச் சாகடித்து, அதற்குப் பிறகே கதாநாயகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் முதல் அத்தியாயத்தை இனிமேல் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இந்தக் கதையை அந்த உலகத்தில் யார், யாருக்கு, என்ன காரியத்துக்காகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டு எழுத்தாளருக்குத் திருப்பி அனுப்புங்கள். பதில் இருந்தால் அத்தியாயம் தானாகவே இடம் மாறிவிடும். பதில் இல்லையென்றால் அதைத் தூக்கிவிடலாம், நாவலுக்கு ஒரு சேதமும் வராது.

எந்த ஊரிலும் படைப்புக் கதை சும்மா தகவலுக்காகச் சொல்லப்பட்டதில்லை. பாபிலோனின் படைப்புப் பாட்டான எனூமா எலிஷ் ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. மார்துக் என்ற தெய்வம் கடலின் ஆதித் தெய்வமான தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக நிறுத்துகிறான். பிறகு மனிதர்கள் படைக்கப்படுகிறார்கள். எதற்கு? தேவர்களின் வேலையை இவர்கள் தலையில் கட்டிவிட்டுத் தேவர்கள் ஓய்வெடுக்க. மார்துக் பாபிலோன் நகரத்தின் சொந்தத் தெய்வம். புத்தாண்டு விழாவின் நான்காம் நாள் இந்தப் பாட்டு அங்கே ஓதப்பட்டது. எங்கள் ஊர்ச்சாமிதான் எல்லாச் சாமிக்கும் ராஜா, நீங்கள் உழைக்கப் பிறந்தவர்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? கைப்பிரதிகளில் வரும் படைப்புக் கதைகளில் இந்தச் சுயநலம் இருப்பதேயில்லை. யாருக்கும் லாபமில்லாத கதையை யார் ஆயிரம் வருடம் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்?

ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீனைப் பார்த்துத்தான் இப்படி ஆரம்பிக்கிறோம் என்று எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. அவர் செய்தது நேர்மாறானது. அவருடைய மோதிரக் கதை (தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்) 1954-55இல் மூன்று பாகமாக வந்தது. அந்த உலகம் இசையிலிருந்து பிறந்த கதையைச் சொல்லும் சில்மரில்லியன், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து 1977இல்தான் அச்சேறியது. மோதிரக் கதையில் தெய்வங்கள் மேடைக்கே வருவதில்லை. ஒரு பாட்டில், ஒரு சத்தியத்தில், ராட்சதச் சிலந்தியின் குகையில் மாட்டிக்கொண்ட சாம் கூப்பிடும் ஒரு பெயரில் மட்டும் தலைகாட்டிப் போகிறார்கள். படைப்புக் கதை முழுசாக அவர் கையில் இருந்தது. அதை வாசகன் தலையில் அவர் கொட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படைப்புக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. தெய்வங்களில் கலகக்காரனான மெல்கோர் இசையைக் குலைக்கிறான், கடுங்குளிரை ஏவுகிறான். நீருக்குரியவனான உல்மோவின் வேலை அதோடு கெட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குளிரால்தான் பனித்துகளும் உறைபனியும் உண்டாயின என்று படைத்தவன் உல்மோவுக்குக் காட்டுகிறான். தெய்வங்களின் சண்டை மண்ணிலும் வானத்திலும் கண்ணுக்குத் தெரியும் தடயத்தை விட்டுப்போகிறது. குள்ளர்களின் பிறப்பும் அப்படித்தான். கைவினைத் தெய்வமான, பொறுமையில்லாத ஆவுலே திருட்டுத்தனமாக ஏழு பேரைச் செய்துவிடுகிறான். மாட்டிக்கொண்டதும் அவர்களை உடைக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். அவர்கள் பயந்து ஒடுங்குகிறார்கள், தப்பிக்கிறார்கள். இவர்கள் கோடாலியோடு வருவார்களே, என் மரங்கள் என்ன ஆவது என்று அவன் மனைவி யவன்னாவுக்குக் கவலை வர, மரங்களைக் காக்கும் எண்ட்கள் பிறக்கின்றன. பல்லாயிரம் வருடத்துக்கு ஓடக்கூடிய பகை ஒரு புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தொடங்கிவிட்டது.

ஆகவே, நிலத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்தை வைத்துத்தான் தெய்வத்தைச் சொல்கிறது. இந்த முறை நம் எழுத்தாளர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இருந்தும் நாவல் எழுத உட்கார்ந்ததும் சூரியக் கடவுள், சந்திர தேவி, மரண தேவன், போர்த் தேவன் என்று அலுவலகத்தில் துறை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிடுகிறார்கள்.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு ஒரு மாதிரி. பனிமலையிலிருந்து இறங்கும் ஓர் ஆறு என்று வையுங்கள். ஆற்றுத் தெய்வம் ஆலி, அவள் கணவன் சூரியன் எல்லன். வெயிலில் பனி அதிகம் உருகுவது பிற்பகல் மூன்று மணி வாக்கில். தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். மலையடிவார ஊரில் மாலைக்குள் ஆறு பெருகிவிடும். 36 கிலோமீட்டர் கீழே இருக்கும் ஊருக்கு அதே தண்ணீர் போய்ச் சேரப் பத்து மணிநேரம், அதாவது இரவு ஒரு மணி. இப்போது மேலூர்க்காரன் சொல்லும் கதை: எல்லன் சுட்ட சுடுசொல் பொறுக்காமல் ஆலி பட்டப்பகலில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். கீழூர்க்காரன் கதை: அவள் பதிவிரதை, கணவன் கண்ணயர்ந்த பிறகுதான் எங்களைப் பார்க்க வருவாள். குளிர்காலத்தில் ஆறு வற்றினால் அவள் தாய்வீடு போயிருக்கிறாள் என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒத்த கருத்து.

இவ்வளவுதான் படைப்புப் புராணம், ஒரு பத்தி. அதிலிருந்து என்னென்ன கிடைக்கிறது பாருங்கள். கீழூரில் மடை திறப்பவன் நடுராத்திரியில் விழித்திருக்க வேண்டும், ஆகவே அவனே பூசாரி. மேலூரில் பகலில் ஆற்றில் குளிப்பது குற்றம், கோபத்தில் போகிறவளை மறிக்கக்கூடாது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒருவன் அணை கட்டினால் அது வெறும் தண்ணீர்த் தகராறாக நிற்காது, பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்ட குற்றமாகிவிடும். மேலூர்ப் பெண் கீழூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால் மாமியார் அவளிடம் சொல்லும் முதல் குத்தல் என்னவாக இருக்கும் என்று எழுத்தாளருக்கே தெரிந்துவிடும். இரண்டு கதையில் எது உண்மை என்று நாவல் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம். சொன்னால் கெட்டுவிடும்.

கைப்பிரதிகளில் அடிக்கடி சறுக்கும் இன்னொரு இடம் கணக்கு. இரண்டு நிலவுள்ள உலகம் என்றால் எல்லோருக்கும் ஆசை. "நூறாண்டுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து முழுநிலவாகும் இரவில் தெய்வம் விழிக்கும்" என்று ஒரு தீர்க்கதரிசனமும் கூடவே வந்துவிடும். ஆனால் நாற்பது பக்கம் முன்னால், பெரிய நிலவுக்கு மாதம் 30 நாள், சின்னதற்கு 20 நாள் என்று எழுதியிருப்பார். அந்தக் கணக்கில் இரண்டு முழுநிலவும் 60 நாளுக்கு ஒருமுறை சேர்ந்தே வரும், வருடத்துக்கு ஆறு தடவை. தெய்வம் தூங்கவே முடியாது. 28, 30 என்று மாற்றினால் 420 நாள். நூறு வருடம்தான் வேண்டுமென்றால் 30 நாளும் கிட்டத்தட்ட 29.975 நாளும் என்று வைக்க வேண்டும். அப்போது வேறு சிக்கல்: மாதத்துக்கு அரை மணிநேரச் சொச்சம்தான் விலகும் என்பதால் இரண்டு முழுநிலவும் ஒரே நாளையொட்டி வருவது ஆறு வருடத்துக்கு மேல் நீடிக்கும். குறிப்பிட்ட ஒரு இரவுக்கு மகிமையே இருக்காது. இதற்கு எளிய வழி, தீர்க்கதரிசனத்தை நிலவிலிருந்து கழற்றிவிடுவது. அல்லது 60 நாள் விழாவாகவே வைத்துக்கொள்வது. அடிக்கடி வரும் விழாவில்தான் கடன் வசூலும் கல்யாணப் பேச்சும் நடக்கும், கதைக்கு அதுவே லாபம். கடலோர ஊராக இருந்தால் ஓதத்தையும் (கடலின் ஏற்ற இறக்கம்) சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள். 20க்கு 30 கணக்கில், ஒரு முழுநிலவுச் சேர்க்கைக்கு 30 நாள் கழித்து ஒன்று முழுநிலவாகவும் மற்றது அமாவாசையாகவும் சூரியனோடு ஒரே நேர்க்கோட்டில் வரும். அன்றைக்கும் கடல் ஏறும். மீன்பிடிக்கிற சனத்துக்கு அது தெரியாமல் இருக்காது.

கோயில் கணக்கு இதைவிட மோசம். "ஆயிரம் விளக்குகள் அணையாமல் எரியும் ஆலயம்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு விடப்பட்டிருக்கிறது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். இதே கணக்கில் ஆயிரம் விளக்குக்கு 96,000 ஆடு, நாலு உழக்கு ஒரு நாழி என்பதால் நாளுக்கு 250 நாழி நெய். அத்தனை ஆடு மேய எவ்வளவு புல்வெளி வேண்டும், அது யாருடைய நிலம், அங்கே முன்பு உழுதுகொண்டிருந்தவன் எங்கே போனான்? நாவலுக்கு வேண்டிய வில்லன் இந்தக் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு நரகத்திலிருந்து இன்னொருவனை வரவழைக்கிறார்கள். விளக்கைப் பன்னிரண்டாகக் குறைக்கலாம், அல்லது ஆட்டைக் கதைக்குள் கொண்டுவரலாம்.

தெய்வங்களின் எண்ணிக்கையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நானூறு பக்க நாவலில் பெயர் நினைவில் நிற்பது ஐந்து, மிஞ்சினால் ஏழு. ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர் வேண்டாம். பெயரை முடிவு செய்யுமுன் ஐ, ஆல், உக்கு, இன் என்று வேற்றுமை உருபுகளை ஒட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "ஸார்த்ராக்ஸுக்குப் படையலிட்டான்" என்ற வாக்கியம் எந்தக் கிழவி வாயிலும் நுழையாது. தெய்வத்தின் பெயர் கிழவிகள் வாயில்தான் உயிரோடு இருக்கும்.

சக்தி விஷயத்தில் ஒரு சோதனை போதும். இக்கட்டான கட்டத்தில் தெய்வம் வந்து காப்பாற்றுகிறது என்றால், முந்நூறு பக்கம் முன்னால் கதாநாயகனின் தங்கை பஞ்சத்தில் சாகும்போது அது ஏன் வரவில்லை என்று கேளுங்கள். "விதி" என்று பதில் வந்தால் கைப்பிரதியைத் திருப்பிவிடலாம். வர முடியாததற்கு ஒரு விதிமுறை இருக்க வேண்டும், அந்த விதிமுறை வாசகனுக்கு முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும். ஆலியால் மடை தாண்டி மேட்டு நிலத்துக்கு ஏற முடியாது. ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

இருள், முட்டை, பெருவெள்ளம், கொல்லப்பட்ட ராட்சதனின் உடல் ஆகிய நான்கும் தேய்ந்துவிட்டன, புதிதாக என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். சங்க நூலான பரிபாடலின் 2ஆம் பாடலைக் கையில் கொடுங்கள். உருவமில்லாத வானத்தில் ஓசை தோன்றுகிறது, அதன்பின் காற்று, நெருப்பு, மழை, கடைசியில் வெள்ளத்துக்குள்ளிருந்து நிலம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊழிக்காலம். ராட்சதனும் இல்லை, போரும் இல்லை. அதைப் பிரதியெடுக்கச் சொல்லவில்லை. ஓசைதான் முதல் பொருள் என்று நம்புகிற ஓர் ஊரில் ஊமைக்கு என்ன மரியாதை, செவிடன் கோயிலுக்குள் போகலாமா, இழவு வீட்டில் பறை அடிப்பார்களா மாட்டார்களா என்று எழுத்தாளரை யோசிக்கச் சொல்கிறோம்.

இனி உங்கள் பக்கத்து வேலை. ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தாளரிடம் நாவலோடு தனியாக இரண்டு பக்கம் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் படைப்புக் கதை, அந்த உலகத்து ஆள் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதாக: தாலாட்டாகவோ, வழக்காடு மன்றத்தில் சாட்சியமாகவோ, வரி கொடுக்க மறுக்கிறவனின் வாதமாகவோ. அடுத்த பக்கத்தில் அதே கதை, அதை நம்பாத பக்கத்து ஊர்க்காரன் வாயால். இரண்டும் ஏதாவது ஓர் இடத்தில் மோத வேண்டும். மோதவில்லையென்றால் இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டு பக்கத்தை அச்சிட வேண்டாம். மெய்ப்புத் திருத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். விழா நாள், சத்தியம் செய்யும் வாக்கியம், தீட்டு, படையல் ஆகியவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகின்றனவா என்று சரிபார்க்க அது உதவும். தெய்வப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் அதோடு இருக்கட்டும். ஒரே சாமி 30ஆம் பக்கத்தில் "எல்லன்", 212ஆம் பக்கத்தில் "எள்ளன்" என்று அச்சாகி வருவதை வாசகர்கள் மன்னிப்பதில்லை.

முதல் அத்தியாயம் மடை திறப்பவனோடு ஆரம்பிக்கட்டும்.

இப்படிக்கு,
கைப்பிரதி வாசிப்பவர்கள் சிலர்