ஏரல் கடைத்தெருவிலிருந்து 57 எம்.பி.க்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி எங்கள் கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது அரிசி மூட்டையெல்லாம் ஊறி வெடித்துக் கிடந்தது. சர்க்கரைச் சாக்கில் சாக்கு மட்டும்தான் மிச்சம். கல்லாவுக்குக் கீழே வைத்திருந்த கடன் நோட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து நீலமாக இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த சில வாரங்களில் ஆட்கள் அவர்களாகவே வந்து, "அண்ணாச்சி, நான் எண்ணூத்தி இருவது தரணும்", "எனக்கு முன்னூறு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் பாதிச் சுவர் விழுந்தவர்களும் அதில் உண்டு. நான் புது நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர்கள் காட்டிய அந்த நேர்மையை நீங்கள் எங்களுக்குக் காட்டவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

மூன்றாம் நாள் நிவாரண லாரி ஒன்று வந்தது. பிரெட், பால் பவுடர், பாய். தெருவே காத்து நின்றது. ஆனால் இறக்கவில்லை. லாரியின் முன்பக்கம் பேனர் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். கயிறு கிடைத்துக் கட்டி முடித்து, போட்டோ எடுப்பவர் வந்த பிறகுதான் முதல் பிரெட் கை மாறியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி கைக்குழந்தையோடு சேற்றிலேயே நின்றார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கட்சிக்காரர் இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிடுவார்.

அப்புறம் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் வந்தது. அந்தப் பணம் அந்த நேரத்தில் உயிர் மாதிரி, மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் நிற்கும்போதே இது மாநில அரசின் பணம் என்று ஒருவர் சொல்ல, டெல்லி கொடுத்த பேரிடர் நிதிதான் என்று இன்னொருவர் சொல்ல, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். (மத்திய அரசு என்று எழுதினால் ஒரு பக்கம், ஒன்றிய அரசு என்று எழுதினால் மறுபக்கம் என்று என்னைச் சேர்த்துவிடுவீர்கள். அதனால் டெல்லி என்றே எழுதுகிறேன்.)

அந்தச் சண்டையின் கணக்கை நானே உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரன் அல்லவா, கணக்கு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மாநில அரசு கேட்டது, அதே டிசம்பர் தொடக்கத்தில் சென்னைப் பக்கம் தாக்கிய மிக்ஜாம் புயலுக்கு 19,692 கோடி, தென்மாவட்ட வெள்ளத்துக்கு 18,214 கோடி, மொத்தம் 37,900 கோடிக்கு மேல். டெல்லி சொன்னது, 900 கோடியை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று. இரண்டையும் தொலைக்காட்சியில் மாறி மாறிக் கேட்டோம். ஆனால் அந்த 900 கோடி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு டெல்லி வருஷா வருஷம் தர வேண்டிய 75 சதவீதப் பங்கு. வெள்ளமே வராவிட்டாலும் அது வந்திருக்கும். எங்கள் வெள்ளத்துக்கென்று கேட்டது தேசியப் பேரிடர் நிவாரண நிதி, அது வேறு பை. இதை டெல்லி எங்களுக்குப் புரியும்படி பிரித்துச் சொல்லவில்லை.

இந்தப் பக்கமும் அப்படித்தான். கேட்ட தொகையில் பெரும்பகுதி சாலை, பாலம், கால்வாய் எல்லாவற்றையும் நிரந்தரமாகச் சீரமைக்கும் செலவு. மிக்ஜாம் கணக்கில் உடனடி நிவாரணம் 7,033 கோடிதான், மீதி 12,659 கோடி நிரந்தர வேலைக்கு. தேசிய நிதியின் விதிமுறை அந்த வேலைக்கெல்லாம் இடம் தராது என்பது கோட்டையில் உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கும் அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே பெரிய எண்ணை மேடைக்கு எடுத்துப் போனார்கள். விதிமுறை போதாது என்றால் விதிமுறையை மாற்றச் சொல்லித்தான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

சேதத்தை டெல்லிக் குழு வந்து பார்க்கத் தாமதமாகவில்லை, ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. பார்த்துவிட்டுப் போனதற்கும் பணம் வந்ததற்கும் நடுவில்தான் எல்லாம் நின்றது. ஜனவரி போனது, பொங்கல் போனது. ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. ஏப்ரல் 27 அன்று டெல்லி ஒப்புதல் தந்தது. புயலுக்கு 285 கோடி, வெள்ளத்துக்கு 397 கோடி. மாநில நிவாரண நிதியில் ஏற்கெனவே இருந்த இருப்பைக் கழித்துக்கொண்டு கைக்கு வந்தது சுமார் 276 கோடி. அந்த நாலு மாதமும் வெள்ளத்தைப் பற்றி இரண்டு பக்கமும் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தீர்கள். எங்கள் ஊர் ஓட்டுச்சாவடியில் நாங்கள் மை வைத்துக்கொண்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அது தற்செயல் என்று சொன்னால் நம்புவதற்கு எனக்கும் ஆசைதான்.

ஒரு முறை நடந்தால் விட்டுவிடலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. டிசம்பர் முதல் வாரத்தில் 944 கோடி வந்தது, அதுவும் அதே வருஷாந்தரப் பங்கு. தேசிய நிதியிலிருந்து 522 கோடிக்கு ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரல் 5. மறுபடியும் நாலு மாதம், மறுபடியும் அதே வார்த்தைகள். பள்ளிக்கூடப் பணத்திலும் இதே கதைதான். டெல்லியின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிகளுக்கு டெல்லி தரும் 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி நின்றது. கொள்கையில் சண்டை இருக்கலாம், அதற்குப் பிள்ளைகளின் பணத்தையா பிடித்துவைப்பது?

படம் ஒட்டும் பழக்கம் எந்த ஒரு கட்சிக்கும் சொந்தமில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் ஒட்டியதை நாடே பேசியது. 2022-இல் தெலங்கானா ரேஷன் கடை ஒன்றில் பிரதமர் படம் ஏன் இல்லை என்று டெல்லி நிதியமைச்சரே கலெக்டரை நிற்கவைத்துக் கேட்டார். அரசு விளம்பரத்தில் முதல்வர், அமைச்சர் படம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் சொன்னது. தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்கள் மறுசீராய்வு கேட்டுப் போய், 2016 மார்ச்சில் அந்தத் தடையை நீக்கி வாங்கின. படத்துக்காக நீதிமன்றம் வரை போகத் தெரிகிறது உங்களுக்கு.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காக வாங்கியிருந்த வங்கிக் கடன் சரக்கோடு கரையவில்லை, வட்டியோடு வளர்ந்தது. தவணை தள்ளிக் கேட்டபோது, மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார் மேலாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களின் கடனைத் திருப்பிக் கட்டுவதில் சலுகை தரவும், சலுகை நிபந்தனைகளில் புதுக் கடன் தரவும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது அது. அந்தப் பிரிவையே 2025 திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. மசோதா 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்ட மக்களின் கடன் வழக்கில், இப்போது அந்த அதிகாரமே எங்களிடம் இல்லை என்று டெல்லி கேரள உயர் நீதிமன்றத்தில் சொன்னது. எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் இருந்த ஒரு கதவு அது. அதை அடைத்ததைப் பற்றி எங்கள் தெருவில் எந்தக் கட்சியும் ஒரு கூட்டம் போடவில்லை.

அதனால் கேட்கிறேன். 57 பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அந்த 13-ஆம் பிரிவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். டெல்லிக் குழு பார்த்துப் போன நாளிலிருந்து 30 நாளுக்குள் அதன் அறிக்கை வெளியாக வேண்டும், 45 நாளுக்குள் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு முடிவு சொல்ல வேண்டும், குறைத்தால் ஏன் குறைத்தோம் என்று எழுதித் தர வேண்டும் என்று சட்டத்தில் கெடு வையுங்கள். மாநில அரசும் கேட்கும்போதே உடனடி நிவாரணம் இவ்வளவு, நிரந்தர வேலை இவ்வளவு என்று தாலுகா வாரியாகப் பிரித்து மக்களுக்குக் காட்டட்டும். நிவாரணப் பொருளில் யார் படமும் வேண்டாம், உங்கள் தலைவர் படமும் வேண்டாம்.

உங்களில் கூட்டணி மாறியவர்கள் உண்டு, இனியும் மாறுவீர்கள், அது உங்கள் பாடு. இந்த ஒரு தாளில் மட்டும் சேர்ந்து நில்லுங்கள். வரும் கூட்டத்தொடரிலேயே கேள்வியாக எழுப்புங்கள். கிடைக்கும் பதிலைத் தமிழில் அச்சடித்து, ஏரல் பஸ் ஸ்டாண்டில் ஒட்டச் சொல்லுங்கள். அங்கே வந்து படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரல் மளிகைக் கடைக்காரர் ஒருவர்