அக்காவின் அறுவை சிகிச்சைக்கு முன்

அன்புள்ள சேகருக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபித்துக்கொள்வது நியாயம்தான். நேரில் வரும்போது திட்டிக்கொள். இப்போது அக்காவின் பித்தப்பை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ என்னும் இதய ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன, அறுவை சிகிச்சைக்கான ஃபிட்னஸ் சான்றிதழும் வாங்கியாயிற்று என்று எழுதியிருக்கிறாய். மயக்க மருந்து மருத்துவர் அக்காவை உட்காரவைத்துப் பேசினாரா என்பதை மட்டும் எழுதவில்லை. நானும் மயக்க மருந்து மருத்துவன் என்பதால் எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியம்.

சென்ற வாரம் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், இதய மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுவதாகவும் சொன்னார். மருமகள் மஞ்சள் பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பியபோது பார்த்தால், அந்த இதய மாத்திரை டபாகிளிஃப்ளோசின்! இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கப்படும் அந்த மருந்தைத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு 3 நாட்களுக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், பட்டினியும் அறுவை சிகிச்சையின் அழுத்தமும் சேர்ந்து இரத்தத்தில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் பெருகி அமிலத்தன்மை ஏறலாம். சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே இது நடக்கக்கூடும் என்பதால் எவருக்கும் எளிதில் சந்தேகம் எழாது. இதய மருத்துவரிடம் பேசிவிட்டுத் தேதியைத் தள்ளிவைத்தோம். வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்திருந்ததால் அந்தப் பெரியவருக்கு என்மேல் வருத்தம்தான்.

அக்காவுக்கு மூச்சு வாங்குவதே இல்லை என்கிறாய். முட்டிவலியால் மாடி ஏறுவதையே விட்டுவிட்டவருக்கு எப்படி மூச்சு வாங்கும்? நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்பது நாங்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது என்பதையே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓயாமல் வாந்தியெடுத்ததையும் மறைக்காமல் சொல்லச் சொல். அதற்கான மருந்தை முன்கூட்டியே கொடுப்பார்கள். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்கள், அவர் கூச்சப்பட வேண்டாம். ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருந்து மருத்துவர் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட சோதனை அது. சுவாசக் குழாய் செருகுவது எளிதாக இருக்குமா என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லட்டும்.

அவருடைய விடியற்காலைக் காபிதான் என் பெரிய கவலை. பொதுவாக வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். ஆனால் பால் கலந்தது எதுவானாலும் உணவுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம். உங்கள் மருத்துவர் இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியாரிடம் செய்ததுபோல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. அக்கா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், இன்றே படமெடுத்து அனுப்பு. இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீ எழுதவே இல்லை. அறுவை சிகிச்சையன்று காலை எதை விழுங்கலாம், எதை விட வேண்டும் என்று அங்குள்ள மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு பட்டியல் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்