கோழிக்கும் குதிரைக்கும் புரட்டாசியிலேயே வாருங்கள்

மதிப்பிற்குரிய கால்நடைப் பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு மழையைக் குறை சொல்லி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்களுடையது வறண்ட சீமை. ஊருணி நிறைந்தால்தான் ஊருக்கு முகமே மலரும். ஆனால் கொல்லையில் நாலு கோழியும் கொட்டிலில் ஒரு குதிரையும் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு வருவது அந்தக் குளிர் இல்லை. நாள் கணக்கில் வெயிலே படாமல் தரை, கூரை, தீவனம், இறகு, குளம்பு எல்லாம் ஊறிக் கிடக்கும் ஈரக் குளிர். கோழி, குதிரை இரண்டுக்குமே அதுதான் ஆகாது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சல் என்று நாங்கள் சொல்லும் கோழிக் கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி முகாமைப் புரட்டாசியில் இன்னொரு தடவை நடத்துங்கள். அதே நாளில் குதிரைகளையும் பாருங்கள்.

வருடா வருடம் முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது. வெள்ளைக்கழிச்சல் கோடையில் வேகமாகப் பரவும் என்பதால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதில் தப்பில்லை, அது அப்படியே நடக்கட்டும். ஆனால் எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான் இறக்கையில் அந்த ஊசி போடுகிறீர்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் அடை வைத்துப் பொரித்த குஞ்சுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. புரட்டாசியில் அவை விடைகளாகவும் இளஞ்சேவல்களாகவும் வளர்ந்து நிற்கும், உடம்பில் எதிர்ப்பு இருக்காது. அந்த நிலையில் மழை பிடித்துக்கொள்கிறது. வெளியே மேய வழியில்லாமல் எல்லாக் கோழியும் ஒரே பஞ்சாரத்துக்குள் நனைந்து ஒடுங்குகின்றன. அதே சமயத்தில் தீபாவளி வருகிறது. நாட்டுக்கோழி கை மாறும் வேகம் அப்போதுதான் அதிகம். தூங்கி விழுகிற கோழியைக் குழம்பு வைக்க மனசு வராமல் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற ஆட்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள், மறைப்பானேன். வாங்கிப் போனவர் வீட்டுப் பட்டியில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, கழுத்து திருகுகிறது, ஒரு வாரத்தில் பட்டியே காலி.

மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்கான மருந்து இருக்கிறது. வாங்கிவரும் வழியெல்லாம் பனிக்கட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் ஆச்சி இதையெல்லாம் எங்கே செய்வார்? அவர் சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து ஊட்டுகிறார். பாசத்தோடுதான் ஊட்டுகிறார், ஆனால் வைரஸ் அதற்கெல்லாம் அடங்குவதில்லை. ஊரே சேர்ந்து ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ள வழி முகாம் ஒன்றுதான்.

குஞ்சுகள் விஷயம் இன்னும் மோசம். தாய்க்கோழி இல்லாமல் வளர்க்கும் குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். முன்பெல்லாம் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். இப்போது கடையில் கேட்டால் எல்இடி பல்பை எடுத்து நீட்டுகிறார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் வருகிறது, சூடு வருவதில்லை. குஞ்சுகள் வெளிச்சத்தில் நின்றுகொண்டே விறைத்துப் போகின்றன. சரி என்று கரி அடுப்பை வைத்தால், காற்றுப் போகாத கொட்டகையில் கரிப்புகையே குஞ்சைக் கொன்றுவிடும், காவலுக்குப் படுத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து. சூடு தரும் பல்பு எங்கே கிடைக்கும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று உங்கள் மருந்தகச் சுவரில் நாலு வரி எழுதி ஒட்டினாலே பல குஞ்சுகள் பிழைக்கும்.

கொசு பெருகியதும் வரும் அம்மை, ஈர உமித் தரையில் குஞ்சுகளுக்கு வரும் ரத்தக் கழிச்சல் இரண்டும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ரத்தக் கழிச்சலுக்காகத் தீவனத்தில் கலக்கும் மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழி மட்டும் வளர்க்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கோழியும் குதிரையும் சேர்ந்து இருக்கும் வீட்டில்தான் இது வினை.

கடையில் விற்கும் கறிக்கோழித் தீவனம் பலவற்றில் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகள் கலந்திருக்கும். கோழி தாங்கிக்கொள்ளும். குதிரை தாங்காது. மொனென்சின் விஷயத்தில், உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் போனாலே குதிரையின் உயிருக்கு ஆபத்து, அது இதயத் தசையையே பாழாக்கிவிடும். அந்த விஷத்துக்கு முறிமருந்தும் இல்லை. மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் நனையாத அறை ஒன்றுதான் இருக்கும். கொள்ளு மூட்டை, தவிட்டு மூட்டை, கோழித் தீவன மூட்டை எல்லாம் அங்கேதான் அடுக்கிக் கிடக்கும். மூட்டை கிழியும், ஒரே படியால் இரண்டுக்கும் அள்ளிப் போடுவார்கள், சிந்தினதைக் கூட்டித் தொட்டியில் கொட்டுவார்கள். மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பது யாருக்குப் பயன்? 'குதிரைக்குக் கொடுக்காதே' என்று தமிழில் பெரிய எழுத்தில் போடச் சொல்லித் தீவனக் கடைக்காரர்களிடம் நீங்கள் பேசலாம். செலவில்லாத காரியம்.

அப்புறம் குதிரைகள். 2019-இல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்தே சுமார் 3.4 லட்சம்தான். 2012-ஐவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அதே கணக்கெடுப்பில் வீட்டுக்கோழி ஏறத்தாழ 46 சதவீதம் கூடி, 31 கோடியைத் தாண்டியிருக்கிறது. ஒரே கொல்லையில் நிற்கும் இரண்டு பிராணிகளில் ஒன்று பெருகுகிறது, ஒன்று தேய்கிறது. அதனால் ஓர் இளம் மருத்துவர் வேலைக்கு வந்து பல வருடம் ஒரு குதிரையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் இருக்க நேர்ந்தால், குறை அவருடையது இல்லை. ஆனால் வண்டிப் பந்தயத்துக்காகக் குதிரை வைத்திருப்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். கடன் வாங்கிக்கூட வைத்திருக்கிறார்கள். ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் சுடுமண் புரவிகள் மழையில் நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை, எங்களுடையது அப்படி இல்லை.

மழை மாதங்களில் பந்தயம் குறைவு. குதிரை கொட்டிலிலேயே நிற்கும், சேறும் மூத்திரமும் காலடியில். குளம்பின் நடுவே இருக்கும் முக்கோண மெத்தைப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் வரும். தினம் ஒரு தடவை குளம்பைத் தூக்கிச் சுரண்டி, துடைத்து, காய்ந்த தரையில் நிறுத்தினால் போதும், ஆரம்பத்திலேயே நின்றுவிடும். முதுகில் மயிர் திட்டுத் திட்டாகப் பொருக்குத் தட்டினால் எண்ணெய் தடவாதீர்கள் என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எதற்கெடுத்தாலும் வேப்பெண்ணெயைத் தூக்குவார்கள். அது ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும்.

வேலை இல்லாமல் நிற்கும் குதிரைக்குப் பழைய அளவிலேயே கொள்ளு வைப்பது, பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கழிக்க மனசில்லாமல் போடுவது, குளிர்ந்த தண்ணீரைக் குதிரை குடிக்காததைக் கவனிக்காமல் விடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் வயிற்றுவலி நிச்சயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ராத்திரி விழுந்து புரள ஆரம்பித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குத்தான் கூப்பிடுகிறோம். வரும் ஊர்தியில் குதிரைக்கு மூக்கு வழியாக இரைப்பைக்கு விடும் குழாய் ஒன்று இருந்தால் எங்கள் பாதிக் கவலை தீரும்.

வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) இன்னொரு பயம். லாட ஆணியோ துருப்பிடித்த தகரமோ ஏறி, சேற்றில் மூடிப்போன சின்னக் காயம் போதும். வீட்டுப் பிராணிகளில் குதிரையைத்தான் அது எளிதில் பிடிக்கும். தடுப்பூசி இருக்கிறது. ஆனால் முதல் தடவை போடும் குதிரைக்கு நாலு வாரம் போல இடைவெளி விட்டு இரண்டாவது ஊசியும் போட்டால்தான் பாதுகாப்பு, பிறகு வருடாவருடம் ஒன்று. ஐப்பசியில் வந்து முதல் ஊசி போட்டால் கார்த்திகைச் சேறு முடியும்போதுதான் எதிர்ப்பு வரும். புரட்டாசி என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கானாடுகாத்தானை ஒட்டி அரசின் கால்நடைப் பண்ணையே இருக்கிறது. அங்கே ஒரு நாள் லாடம் கட்டுகிறவர்களையும் குதிரைக்காரர்களையும் கூப்பிட்டு, குளம்பு பார்ப்பதை இளம் மருத்துவர்களோடு சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். லாடக்காரருக்குத் தெரிந்தது மருத்துவருக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரிந்தது லாடக்காரருக்குத் தெரியாது. இருவரும் ஒரு குளம்பைச் சேர்ந்து பார்த்தால் பலன் எங்களுக்கு.

கடைசியாக நேரம் பற்றி. முகாமைத் தயவுசெய்து காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். அந்நேரம் கோழிகள் வேலி தாண்டிப் போயிருக்கும், பிடிக்க ஓடினால் சிரிக்கத்தான் ஊர் கூடும். பஞ்சாரம் திறப்பதற்கு முன்னால், விடியற்காலையில் வாருங்கள். முதல் நாளே தண்டோராவோ வாட்ஸ்அப்போ எதிலாவது சொல்லிவிட்டால் கோழியை அடைத்தே வைத்திருப்போம். காபிக்கு எங்கள் வீடுகள் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கம் கோழியும் குதிரையும் வளர்க்கும் ஒருவன்