நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, அக்கா அண்ணன்மார்களே, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா நல்லபடியாக நடந்தது. கோலப்போட்டிக்கு இந்த முறை தெலுங்கு வீட்டுப் பெண்களும் நிறையப் பேர் வந்தார்கள். குறள் ஒப்பித்தலுக்குப் பரிசு கொடுத்தோம். நூலக அலமாரி ஒன்றைக் கரையான் அரித்துவிட்டதால் புத்தகங்களை மாடி அறைக்கு மாற்றியிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம்.

இனி லேபாட்சிக் கோயில் பயணம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு.

டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை விடியும் முன்பே குப்பத்திலிருந்து இரண்டு வேன்களில் கிளம்பினோம். நாமும் ஆந்திரா, லேபாட்சியும் ஆந்திரா. ஆனால் கோலார், சிந்தாமணி, பாகேபள்ளி என்று கர்நாடகத்துக்குள் பாதி நாள் ஓடித்தான் மறுபடி ஆந்திராவுக்குள் நுழைய முடிந்தது. ஒரு வேனின் டயர் வழியில் வெடித்தது, மாற்று டயரிலும் காற்றில்லை. வாடகைக்கு விட்டவர்கள் போனை எடுக்கவே இல்லை. அதில் இரண்டு மணி நேரம் போயிற்று. அடுத்த முறை வண்டியை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும் என்று செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

லேபாட்சி என்றால் பலருக்கும் தரையில் படாமல் நிற்கும் தூணும், ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியும்தான் நினைவுக்கு வரும். நம்மவர்களும் தூணுக்கடியில் துண்டை நுழைத்து எடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நாட்டிய மண்டபத்தில் ஒவ்வொருவராகத் தலையை அண்ணாந்து மேலே இருந்த ஓவியங்களைப் பார்த்தோம். அப்புறம் யாருக்கும் வெளியே வர மனமில்லை.

லேபாட்சியின் இந்த வீரபத்திரர் கோயில் விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தது. அவர் ஆண்டது 1529 முதல் 1542 வரை. பெனுகொண்டாவில் அவருக்குக் கீழ் அதிகாரம் செலுத்திய விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் ஆமை முதுகு போன்ற ஒரு பாறைக் குன்றின் மேல் கோயிலைக் கட்டினார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத் தலைநகரான ஹம்பியே பாழானது நமக்குத் தெரியும். விஜயநகரத்து ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று இன்றைக்குக் கண்ணால் காண வேண்டுமானால் லேபாட்சி விதானத்துக்கு, அதாவது மண்டபக் கூரையின் உட்புறத்துக்குக் கீழேதான் போய் நிற்க வேண்டும். இதைவிட நிறைவாக அவர்களின் ஓவியங்கள் வேறெங்கும் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விதானம் முழுவதும் நீள நீளமான கருங்கல் பலகைகள். பலகைகளின் வாட்டத்திலேயே ஓவியங்களும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. செங்காவிப் பின்னணி, அதன் மேல் மஞ்சள், வெள்ளை, பச்சை, எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கும் கறுப்புக் கோடு. முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கின்றன. ஒரு பட்டையில் திரௌபதி சுயம்வரம், இன்னொன்றில் அர்ச்சுனன் தவம். அங்கே வேடனாக வந்த சிவனும் அர்ச்சுனனும் ஒரே பன்றிக்காக மோதுகிறார்கள். பார்வதி கல்யாணம் இருக்கிறது, ராமர் பட்டாபிஷேகம் இருக்கிறது, ஆலிலையில் கண்ணன் படுத்திருக்கிறான். கருவறைக்கு முன் உள்ள மண்டபத்து விதானத்தில் வீரபத்திரர் மிகப்பெரிய உருவில் நிற்க, கோயில் கட்டிய சகோதரர்கள் உயரக் குல்லாயோடு கைகூப்பி நிற்கிறார்கள்.

பட்டுப்பூச்சி வளர்க்கும் நம் மூத்த அக்கா ஒருவர் தெய்வங்களைவிடப் பெண்களின் புடவைகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். கட்டம், கோடு, பூக்கொடி என்று ஒருத்தி கட்டியது போல் இன்னொருத்தி கட்டவில்லை. “இந்தக் கரை என் கல்யாணப் புடவையில் இருந்ததுப்பா” என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. திரும்பி வந்ததும் பெட்டியிலிருந்து புடவையை எடுத்துக் காட்டினார். ஏறத்தாழ அதே கரைதான். லேபாட்சி ஓவியங்களைப் பார்த்து நெசவாளர்களும் அச்சுத் தொழிலாளர்களும் புடவைக்கு வடிவம் எடுப்பது இன்றும் நடக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் ஞாயிறு வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பெண், பள்ளியில் தெலுங்கு வழியில் படிக்கிறவள், திடீரென்று “சார், பசு மணி அடிக்குது!” என்று கத்தினாள். எல்லோரும் அவள் கை காட்டிய பக்கம் பார்த்தோம். தேர், பசு, மணி. மனுநீதிச் சோழன் கதை!

போன பொங்கலுக்கு நம் பிள்ளைகள் நடித்த அதே கதை. திருவாரூர் வீதியில் இளவரசன் வீதிவிடங்கன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டுச் சாக, தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை இழுக்க, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது, புறாவின் துயர் தீர்த்த மன்னனுக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்கிறாள். பெரியபுராணமும் திருவாரூரின் பெருமையாக இதைப் பாடுகிறது. அந்தக் கதை காவிரிக்கரையிலிருந்து இத்தனை தூரம் நடந்து, தெலுங்கு நாட்டுக் கோயிலில் பாரதக் கதைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. வண்டி ஓட்டி வந்த தம்பி அது என்ன கதை என்று கேட்டார். அந்தப் பெண்ணே தெலுங்கில் முழுக் கதையையும் சொன்னாள். எல்லையில் இருந்துகொண்டு தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ பதில் சொல்லிப் பார்ப்பேன். இந்த ஆண்டு எனக்குப் பதிலாக அவள் சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த விதானத்தில் வெற்றிடங்களும் உண்டு. கருங்கல் மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரை, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல்தான் வண்ணம். பலகைகளின் இடுக்கில் மழைநீர் இறங்கினால் உப்புப் பூத்துக் காரை கல்லை விட்டுப் பிரியும். பிரிந்த காரை விழும்போது ஓவியமும் சேர்ந்தே விழுந்துவிடும். விளக்குப் புகை, கற்பூரக் கரி, வௌவால் எச்சம் எல்லாமே அதற்குப் பகை. இத்தனைக்கும் லேபாட்சி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். 2022இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம் பெற்றது. அதற்கே இந்த நிலை என்றால் நம் ஊர்க் கோயில்களுக்கு யார் இருக்கிறார்கள்?

இதைச் சொல்லாமல் இந்த அறிக்கையை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் தெருக் கோயிலின் முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரையும் சுற்றிலும் கிளிகளும் இருந்தது இங்கே நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். கடந்த கும்பாபிஷேகத்தின்போது அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்தோம். சங்கம்தான் பணம் திரட்டியது. டின்களை வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். பளிச்சென்று இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். லேபாட்சியில் அந்தப் பெண் கத்தியபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்தக் கிளிகள்தான். அவற்றை அவள் இனிப் பார்க்க முடியாது.

திரும்பி வந்ததும் நாங்கள் நான்கு பேர் போய்க் கோயிலைச் சுற்றிப் பார்த்தோம். வாகன அறை எப்போதும் பூட்டியே கிடப்பதால் அங்கே யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. குதிரை வாகனத்துக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குப் பழைய வண்ணம் இன்னும் இருக்கிறது. கொடியும் இலையும் தெரிகின்றன, ஒரு யானையின் பின்பாதி தெரிகிறது. எந்தக் காலத்தது என்பதைத் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். கோயில் கமிட்டியிடம் மூன்று கோரிக்கைகள் வைத்தோம். அந்த அறையில் வெள்ளை கூட அடிக்கக் கூடாது. மேல்தளத்து ஒழுக்கை மழைக்கு முன் அடைக்க வேண்டும். சன்னலுக்கு வலை போட வேண்டும். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். வலைக்கான செலவைச் சங்கம் ஏற்க இன்று உங்கள் அனுமதி வேண்டும். முன்மண்டபத்துப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று சிலர் ஆர்வமாகச் சொன்னார்கள். அதை மட்டும் நாமாகச் செய்யவே கூடாது. சுரண்டினால் அடியில் இருப்பதும் பெயிண்டோடு வந்துவிடும். அது பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்திட்டுப் போங்கள்.

அடுத்த பயணம் நம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கும் சோம்பள்ளி சென்னகேசவர் கோயிலுக்கு. அங்கும் விஜயநகர கால ஓவியங்கள் உண்டு. மாசி மாதத்தில் போகலாம் என்பது எண்ணம். பெயர் தருபவர்கள் வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாருங்கள். ஆளுக்கொரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்து வாருங்கள். லேபாட்சியில் கழுத்து வலியால் அண்ணாந்து பார்க்க முடியாத தாத்தா ஒருவர் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு விதானம் முழுவதையும் அதிலேயே பார்த்து முடித்தார்.

இப்படிக்கு,
செயலாளர்