ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு நின்றேன்

மெல்பர்னின் கிளேட்டனில் என்னைத் தாங்கிக்கொண்ட எல்லோருக்கும்,

வரும் புதன்கிழமை நான் ஜீலாங் போகிறேன். படிப்பு முடிந்து அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பெட்டி கட்டும் முன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா தறி ஓட்டுகிறவர். எனக்காகக் கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, ராத்திரி வரை யாரோடும் பேசவில்லை. "அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதையும் சுமந்துகொண்டுதான் 2020 பிப்ரவரியில் மெல்பர்னில் வந்து இறங்கினேன்.

கொரோனாவால் மார்ச் 23 நண்பகலோடு உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது, பார்சல் மட்டும்தான் என்றார்கள். பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து எனக்கு மூன்றாவது வாரம். அன்றே வேலை போனது. வேலையிழந்தவர்களுக்கு அரசு அறிவித்த உதவித்தொகை மாணவர் விசாவில் இருந்த எங்களுக்குக் கிடையாது. ஊருக்குப் போய்விடலாம் என்றால், அதற்கு முந்தின நாளே இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்பேன். வீடியோவில் பேசும்போது அடுப்படி தெரியாத இடமாகப் பார்த்து உட்காருவேன்.

எதிர் வரிசை வீட்டு அம்மா, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஏப்ரலில் ஒரு காலை, உங்கள் வீட்டு ஜன்னலுக்குள் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தேன். சோறும் புளித்தண்ணியுமாக எத்தனையோ நாள் ஓடியிருந்தது. அந்த இலை வாசனை மட்டும் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. கேட்டுக்கு வெளியே நின்று, ஒரு கொத்து தருவீர்களா என்று கேட்டேன். வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நான் கேட்ட முதல் பொருள் அதுதான். நீங்கள் இலையைப் பறிக்கும் முன் என் முகத்தைப் பார்த்தீர்கள். "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்றீர்கள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று மதியம் இடியப்பமும் சொதியும் எங்கள் வாசலுக்கு வந்தன. நான் தயங்கியதும் நீங்கள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்: "நாங்களும் யாழ்ப்பாணத்தாலை வந்த புதுசிலை ஆற்றையோ வீட்டுச் சோறு திண்ட ஆக்கள்தான். வெக்கப்படாமல் கேள்."

தீதி (நேபாளியில் அக்கா), நேபாளத்திலிருந்து வந்து என் பக்கத்து அறையில் இருந்த நீங்களும் அதே நெருக்கடியில்தான் இருந்தீர்கள். என் அரிசி டப்பா காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உங்களுடையதில் பாதியைக் கொட்டி வைத்தீர்கள். விக்டோரியா மாநில அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒருமுறை உதவியாக 1,100 டாலர் வரை தருகிறது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். "உங்கள் நிலையை விவரிக்கவும்" என்ற கட்டத்தில் நான் "சிரமமாக உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதை அழிக்கச் சொன்னீர்கள். வாடகை எவ்வளவு, கையில் எவ்வளவு, எத்தனை நாளாக ஒரு வேளைச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தீர்கள். உண்மையை எழுதும்போது கை நடுங்கியது. எழுதி முடித்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 2 முதல் ஊரடங்கு இன்னும் இறுகியது. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை கடைக்கும் போக முடியாது. சீக்கியத் தொண்டர்களுக்கு ஃபோன் செய்தது நான்தான். அதே ஆண்டு தொடக்கத்தில் காட்டுத்தீ எரிந்தபோது பேர்ன்ஸ்டேல் ஊர் வரை வேனை ஓட்டிப்போய்ச் சமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். எத்தனை பேர், முகவரி என்ன என்று மட்டும் கேட்டார்கள். காரணத்தை விளக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அது தேவைப்படவே இல்லை. சூடான பருப்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தூரத்தில் நின்று கைகூப்பிப் போன அண்ணனின் முகம் மாஸ்க்குக்குள் இருந்தது. இன்று எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா.

அந்த மாதக் கடைசியில் என் அப்பத்தா இறந்துபோனார். தூக்கிக்கொண்டு போவதை வாட்ஸ்ஆப்பில் பார்த்தேன். நடுவே படம் உறைந்து நின்றது, மறுபடி வந்தபோது தெரு காலியாக இருந்தது. நான்கு நாளில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். பழைய நானாக இருந்தால் எதையாவது எழுதிக் கொடுத்துத் தோற்றிருப்பேன். அந்த முறை பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன். அவகாசம் கொடுத்ததோடு நிற்காமல் அவர் கேமராவில் வந்து பேசினார். தன் தாயார் முதியோர் இல்லத்தில் இருப்பதாகவும், பல வாரங்களாக உள்ளே விடவில்லை என்றும் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் விக்டோரியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என் அப்பத்தாவைப் பற்றி விசாரித்தீர்களே மேடம், அதை மறக்க மாட்டேன்.

அக்டோபர் 26 அன்று புதிய தொற்று ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தார்கள். மறுநாளோடு 112 நாள் ஊரடங்கு முடிந்தது. அன்றிரவுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "அவங்ககிட்ட கேட்டது தப்பில்ல தாயி. எங்ககிட்ட மறைச்சியே, அதுதான் தாங்கல" என்றார். இப்போது நான் அவரிடம் எதையும் மறைப்பதில்லை. அவரும் தறி ஓடாத மாதங்களை என்னிடம் சொல்கிறார்.

2021-லும் ஊரடங்குகள் வந்தன. இரண்டு வருடத்திலும் வந்த ஆறையும் கூட்டினால் மெல்பர்னுக்கு 262 நாள். அந்த வருடம் தீதியும் நானும் எங்கள் தெருவில் புதிதாக வந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்தோம்.

அம்மா, உங்கள் எவர்சில்வர் அடுக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அதிரசத்துக்கு மாவு பிசைந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
எதிர் வரிசை வீட்டுப் பிள்ளை