பல்சக்கரத்தையும் படம் எடு

பாளையங்கோட்டை
பங்குனி, ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. அதைச் சொன்னால் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல்.

நீ நெதர்லாந்திலிருந்து அனுப்பிய சைக்கிள் படங்களை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தை ஒட்டித் தரைக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்துகிற இடம் என்று எழுதியிருந்தாய். "சாயங்காலம் வந்து நம் வண்டியைத் தேடுவதற்குள் விடிந்துவிடும்" என்றார் அப்பா. என் குறை வேறு. நீ எடுத்த படமெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தவை. சைக்கிள் இருக்கிறது, பின்னால் கால்வாய் இருக்கிறது, பூத்தொட்டி இருக்கிறது. பெடலோடு சேர்ந்து சுற்றிச் செயினை இழுக்கிற பல்சக்கரம் எங்கே? சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் எங்கே? கேரியரை எதில் முடுக்கியிருக்கிறார்கள்? சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு இப்படியா படம் அனுப்புவது?

தாத்தாவின் வாடகை சைக்கிள் கடையை நீ பார்த்ததில்லை. வி.கே.புரத்தில் (விக்கிரமசிங்கபுரம்) மில் சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் பாபநாசம் சாலை முழுக்க சைக்கிள்தான் வரும். தாத்தா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். அந்த உயரத்தில் அவர் கண்ணுக்கு நேரே வருவது பல்சக்கரம். ஓட்டுகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே வண்டியின் பெயரைச் சொல்லிவிடுவார். ராலே என்றால் பல்சக்கரத்துக்குள் கொக்குத் தலை வெட்டியிருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை. பி.எஸ்.ஏ. வண்டிக்கு மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை, ஏனென்றால் பர்மிங்காமில் அந்தக் கம்பெனி முதலில் செய்தது துப்பாக்கி. 1949இல் முருகப்பா குழுமம் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் பக்கத்திலேயே தயாராகி வந்தன. ஆனாலும் சீமை வண்டி வைத்திருந்தவர்கள் அதைக் கடையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுகிற ஓவராயில் முடிகிறவரை பக்கத்திலேயே நின்று, கழற்றிய பால்ஸ் குண்டுகளை எண்ணி வைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டது. போன வாரம் டவுனுக்குப் போனபோது மேல ரத வீதியில் ஒரு பாத்திரக்கடைச் சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளைத் தாண்டி நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் வித்தியாசமாக இருந்தது. மற்ற வண்டிகளில் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய்தானே? இதில் பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் இணையாக இறங்கின. குனிந்து பல்சக்கரத்தைப் பார்த்தேன். கிரீஸும் புழுதியும் அப்பியிருந்தாலும் வட்டமாக நிற்கும் மனித உருவங்கள் தெரிந்தன. ஹம்பர்! இங்கிலாந்தில் தனிக் கம்பெனியாக இருந்து, 1932இல் ராலேயின் கைக்குப் போன பெயர். அதற்குப் பிறகும் அந்த இரட்டைக் குழாயை விடாமல் வைத்திருந்தார்கள். தாத்தா கடைக்கு ஒரே ஒரு ஹம்பர்தான் வரும். மில் குமாஸ்தா ஒருவருடையது. அதில் எங்களைக் குரங்குப் பெடல் போடக்கூட விட்டதில்லை.

நான் குனிந்து நிற்பதைப் பார்த்துக் கடைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் வந்தார். "என்னம்மா பார்க்கிறீர்கள்? விலைக்கு இல்லை" என்றார். விலைக்குக் கேட்கவில்லை, ஹம்பர் பார்த்து வெகுநாளாயிற்று என்றேன். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. சீட்டுக்குக் கீழே இருக்கிற தோல் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய நகராட்சி வில்லைகள்! ஆண்டு பொறித்த தகட்டு வில்லை அந்தக் காலத்தில் இல்லாமல் சைக்கிளைத் தெருவில் இறக்க முடியாது. வரி கட்டி வில்லை வாங்க வேண்டும், ராத்திரியில் விளக்கு எரிய வேண்டும், இரண்டு பேர் ஏறக் கூடாது. பிடிபட்டால் போலீஸ்காரர் காற்று இறங்காமல் தடுக்கிற வால்டியூப்பைப் பிடுங்கிவிடுவார். இதையெல்லாம் பேசிக்கொண்டே நின்றோம். வந்த வேலையான குத்துவிளக்குத் திரி வாங்குவது மறந்துபோனது.

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். சீமை வண்டியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை, பெயர் தெரிந்தால் போதும். நான் இப்போது அதிகம் தேடுவது மேலே இரண்டு குழாய் போட்ட சாதாரண டபுள் பார் வண்டிகளைத்தான். கடையிலிருந்து வந்தபோது எல்லாம் ஒரே வண்டி. வாங்கியவர் தொழிலுக்கு ஏற்றபடி எதை வெட்டினார், எதை வெல்டிங் வைத்துச் சேர்த்தார் என்று பார்க்க ஆரம்பித்தால் ஒரு தெருவைத் தாண்டுவதற்கே அரை நாள் ஆகிவிடுகிறது.

நம் தெருவுக்குச் சாணை பிடிக்க வருகிறவரையே எடுத்துக்கொள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்தவர் இல்லை, இவர் வேறு. அரிவாள்மனையையும் இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு போய், அவர் வேலை முடிகிறவரை பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டியைக் கனத்த ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. பின்சக்கரத்தோடு சேர்த்து ஒரு வெறும் ரிம்மை முடுக்கியிருக்கிறார். டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் பெல்ட் ஓடுகிறது. அந்தப் பெல்ட் பாரின் மேல் பொருத்திய சின்னக் கப்பிக்கு வருகிறது. கப்பியும் சாணைக்கல்லும் ஒரே அச்சில் இருக்கின்றன. அவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறார், கல் முகத்துக்கு முன்னால் சுழல்கிறது. பெரிய ரிம் ஒரு சுற்று சுற்றினால் சின்னக் கப்பி பல சுற்று சுற்றிவிடும். அதனால் நிதானமாக மிதித்தாலே கல் பறக்கிறது. மிதிப்பதை நிறுத்தி, கத்தியின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். அப்போதும் கல் நிற்பதில்லை. ஃப்ரீவீல் இருக்கிறதே, கால் நின்றாலும் சக்கரம் ஓடும். திரும்பக் கத்தியை வைத்து இன்னும் இரண்டு இழுப்பு. பொறி தெறித்து விழுகிற இடத்தில் பெட்ரோல் டாங்க் இல்லாதது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேண்டியது பெல்ட். அவரையும் எடுத்தேன், பெல்ட்டையும் எடுத்தேன். இரண்டும் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்போது பதநீர் காலம் வேறு தொடங்கிவிட்டது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஐகிரவுண்டு பக்கம் சைக்கிளில் கொண்டுவருகிறார்கள். கேரியரின் இரு பக்கமும் இறக்கிய இரும்பு வளையங்களில் கேன்கள், ஹேண்டில் பாரில், பதநீர் ஊற்றிக் குடிக்கிற பட்டை மடக்கப் பனை ஓலைக் கட்டு. எல்லாவற்றையும் பழைய டியூப்பை வாராகக் கிழித்துத்தான் கட்டுகிறார்கள். கயிறு தளரும், டியூப் வார் இழுத்துப் பிடிக்கும். சரக்கு நிறைந்திருக்கும்போது யாரும் ஏறி ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டே வருகிறார்கள். கேன் காலியான பிறகுதான் சீட்டுக்கு வேலை. அதனால்தான் அந்த வண்டிகளில் ஹேண்டில் பிடி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, சீட் புதுசு போலவே இருக்கிறது. அடுத்த தடவை தூத்துக்குடியில் உப்பு மூட்டை வண்டி கண்ணில் பட்டால் அதிலும் இப்படித்தானா என்று பார்க்க வேண்டும்.

மீன்காரர், பால்காரர் எல்லாம் டி.வி.எஸ். வண்டிக்கு மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உவரியிலிருந்து வருகிற மீன் வெயிலுக்கு முன் விற்றாக வேண்டும். சைக்கிளில் மிச்சமிருப்பவர்கள் வீட்டுக்கு வீடு நிற்க வேண்டியவர்கள். ராத்திரி ஜங்ஷன் பக்கம் சுக்குக் காப்பி விற்கிறவர், அரிவாள்மனைக்காரர், பூக்காரர். பத்தடிக்கு ஒரு முறை இன்ஜினை நிறுத்திக் கிளப்பினால் லாபம் பெட்ரோலுக்கே போய்விடாதா?

இன்னொன்று. இதை யாரும் படம் எடுப்பதில்லை. அரசு பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற விலையில்லாச் சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது. ஊரெல்லாம் ஒரே நிறம், ஒரே கூடை. பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். முக்கூடலுக்கு ஒரு துக்கம் கேட்கப் போனபோது பீடிக் கடை வாசலில் அந்தச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வந்திருந்தவர்கள் எல்லாம் நடுவயதுப் பெண்கள். மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறாள், சைக்கிள் அம்மாவுக்கு வந்துவிட்டது. புத்தகம் இருந்த கூடையில் போகும்போது வீட்டில் சுற்றிய பீடிக் கட்டு, திரும்பும்போது இலையும் தூளும். ஒரு அம்மா சீட்டை ஒரேயடியாகக் கீழே இறக்கி வைத்திருந்தார். இரண்டு காலும் தரையில் பட வேண்டும், சேலையோடு ஏறி இறங்க வேண்டும். இன்னொருவர் பின்சக்கரத்தில் சேலை மாட்டாமலிருக்கச் சிமெண்ட் சாக்கைக் கிழித்து மட்கார்டிலிருந்து அச்சுவரை தைத்து விட்டிருந்தார். கடையில் விற்கிற வலையை விட அது நன்றாக இருந்தது. எனக்கு ஹம்பரை விட இந்த வண்டிதான் பிடித்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

சும்மா நின்று பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தட்டுதான் வசதி. 1973இல் கட்டியபோதே பஸ்ஸும் லாரியும் மேலே, சைக்கிள் மாதிரியான சின்ன வண்டிகள் கீழே என்று பிரித்தார்கள் அல்லவா? ஏற்றத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் வருவார்கள். இறங்கித் தள்ளுகிறவர்களும் உண்டு. வண்டியை நன்றாகப் பார்க்கலாம்.

உன் படங்களுக்கு வருகிறேன். படுத்துக்கொண்டு ஓட்டுகிறவர் படத்தைப் பார்த்து உன் சின்ன அத்தை, "உடம்பு சரியில்லாதவரா?" என்று கேட்டாள். அப்படி இல்லை. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசில் அப்படிப் படுத்து ஓட்டி ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அந்த மாதிரி வண்டி பந்தயத்துக்கே கூடாது என்று விதி போட்டுவிட்டது. ஜெயித்தவனை வெளியே நிறுத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

முன்னால் மரப்பெட்டி வைத்து அதில் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிற வண்டியில் எனக்கு ஒரு சந்தேகம். முன்சக்கரம் பெட்டிக்கு அந்தப்புறம் இருக்கிறது, ஹேண்டில் பார் இந்தப்புறம். பெட்டிக்கு அடியில் ஒரு கம்பி ஓடித்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். குனிந்து, கம்பி இரு முனையிலும் எப்படி மாட்டியிருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. உரிமையாளர் இருந்தால் கேட்டுவிட்டு எடு.

மாப்பிள்ளை முதல் நாள் சிக்னலில் பெடலைப் பின்னால் சுற்றப்போய் வண்டி சட்டென்று நின்றதைப் படித்து அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். ஏறுவதற்கு முன் பெடலைப் பின்னுக்குச் சுற்றித் தோதாக வைத்துக்கொள்வது நமக்கெல்லாம் காலோடு வந்த பழக்கம். அங்கே பின்னால் மிதித்தால் பிரேக். பழகும்வரை பார்த்துப் போகச் சொல்.

கடைசியாக ஒரு வேலை. அங்கே 'பாட்டி சைக்கிள்' என்று சொல்கிறார்களே, நீ வாங்கியிருக்கிற அந்தப் பழைய வண்டியின் டயர் ஓரத்தில் எண் அச்சடித்திருக்கும், ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து எழுது. 40-635 என்றிருந்தால் அது நம்மூர் 28க்கு ஒன்றரை டயர்தான், இங்கிருந்தே இரண்டு அனுப்பிவிடலாம். 622 என்று முடிந்தால் சேராது, அங்கேயே வாங்கிக்கொள். காற்றடிக்கிற வால்வும் அங்கே பெரும்பாலும் நம்முடைய மாதிரியேதான் என்று படித்தேன். திருகைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ரப்பர் குழாய் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் வால்டியூப் ஒரு முழம் வாங்கி, ஆச்சி போட்ட நார்த்தங்காய் ஊறுகாயோடு, மே மாதம் வருகிற உன் பெரியப்பா மகன் கையில் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்
அம்மா